விற்றவர் நின்ற இடத்தில் வாங்கியவர்: டைம்ஷேர் மறுவிற்பனைத் தடைகளின் வரலாறு

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் உள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டு வளாகத்தில், 2019 டிசம்பரில் ரிவியேரா என்னும் விடுதி திறக்கப்பட்டது. அது ஒரு டைம்ஷேர் விடுதி. அறையை நாள் வாடகைக்கு எடுப்பதற்கு மாறாக, பல ஆண்டுகளுக்கு, ஆண்டுதோறும் சில நாள்கள் தங்கும் உரிமையை முன்கூட்டியே விலைகொடுத்து வாங்கும் ஏற்பாடு அது. அங்கே பங்கு வைத்திருக்கும் இரண்டு குடும்பங்களை எண்ணிப் பார்ப்போம். முதற்குடும்பம் நிறுவனத்திடமே நேரடியாக வாங்கியது. இரண்டாம் குடும்பம், அவ்வாறு முன்பு வாங்கிய ஒருவரிடமிருந்து மறுவிற்பனையில் வாங்கியது. இருவர் கையிலும் உள்ள புள்ளிகளின் எண்ணிக்கை ஒன்றே. அப்புள்ளிகளுக்காக ஆண்டுதோறும் செலுத்தவேண்டிய பராமரிப்புக் கட்டணமும் ஒன்றே. இருவருடைய உரிமையும் முடிவடையும் நாள் 2070 ஜனவரி 31. ஆயினும் முதற்குடும்பம் தன் புள்ளிகளைக் கொண்டு அந்நிறுவனத்தின் பிற டைம்ஷேர் விடுதிகளிலும் தங்கலாம். இரண்டாம் குடும்பம் அப்புள்ளிகளை ரிவியேராவில் மட்டுமே செலவிட முடியும்.

இந்த விதி 2019 ஜனவரி 19 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பிருந்த 14 விடுதிகளில் ஏதேனும் ஒன்றின் பங்கை அந்நாளுக்குப் பின் மறுவிற்பனையில் வாங்குபவர், அந்த 14 விடுதிகளுக்குள் மட்டும் மாறி மாறித் தங்கலாம். ரிவியேராவுக்கோ, அதன்பின் புதிய திட்டங்களாகத் தொடங்கப்படும் விடுதிகளுக்கோ அவர் செல்ல இயலாது. ஒரே பொருள், ஒரே செலவு, ஒரே காலவரை. ஆனால் யாரிடமிருந்து வாங்கினார் என்பதைப் பொறுத்து உரிமையின் அளவு மாறுகிறது.

விடுமுறைக்காலச் செலவு பற்றிய சிறு செய்தியாக இதை ஒதுக்கிவிடலாம். ஆனால் இதன் அடியில் இருக்கும் வினா மிகப் பழையது. ஒருவர் விலைகொடுத்து வாங்கியதை இன்னொருவருக்கு விற்கும்போது, தாம் அனுபவித்த உரிமை முழுவதையும் அவருக்குக் கொடுக்க முடியுமா? முதலில் விற்றவர், அடுத்தடுத்த கைமாற்றங்களையும் கட்டுப்படுத்தலாமா?

கைமாற்றும் உரிமையின் பழைய வரலாறு

இங்கிலாந்தில் முதலாம் எட்வர்டு மன்னரின் ஆட்சியில், 1290ஆம் ஆண்டு ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதன் லத்தீன் வாசகத்தின் தொடக்கச் சொற்களான 'குவியா எம்ப்டோரெஸ்' என்பதே அதன் பெயராயிற்று. அன்றைய நிலவுடைமை முறையில் நிலத்தை வைத்திருந்தவர், தமக்கு மேலிருந்த பிரபுவுக்குப் பணியும் செலுத்துகையும் கடமைப்பட்டவர். நிலத்தை விற்க விரும்பியவர்கள், வாங்குபவரைத் தமக்குக் கீழ்க்குடியாக அமர்த்திக்கொள்ளும் வழியை நாடினர். இதனால் அடுக்குகள் பெருகின; மேலிருந்த பிரபுக்களுக்கு வரவேண்டிய வருவாய் குறைந்தது. புதிய சட்டம் அந்த வழியை அடைத்தது. சுதந்திரக் குடிகள் தம் நிலத்தை விரும்பியவாறு விற்கலாம். ஆனால் வாங்குபவர், விற்றவர் நின்ற அதே இடத்தில், அதே பிரபுவின் கீழ், அதே கடமைகளோடு நிற்கவேண்டும் என்று அது வகுத்தது. பிரபுக்களின் நலனுக்காகப் பிறந்த சட்டம்தான் அது. எனினும் தடையின்றி விற்கும் உரிமைக்கு ஆங்கிலச் சட்ட மரபில் அதுவே அடித்தளமாயிற்று.

மன்னரிடமிருந்து நேரடியாக நிலம் பெற்றவர்களுக்கு மட்டும் அந்தச் சுதந்திரம் கிட்டவில்லை. அவர்கள் விற்பதற்கு மன்னரின் அனுமதி வேண்டும். அனுமதிக்குக் கட்டணமும் உண்டு. 1660இல் நிலப்பிரபுத்துவக் கடமைகளை ஒழித்த சட்டம் வரும்வரை அந்தக் கைமாற்றுக் கட்டணம் நீடித்தது. மேலே இருப்பவரின் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் சொத்துக்கே கட்டுப்பாடு மிகுதி என்பதை இந்த விதிவிலக்கு உணர்த்துகிறது.

1628இல் வெளிவந்த தம் சட்ட விளக்க நூலில் எட்வர்டு கோக் இக்கருத்தை மேலும் விரித்தார். குதிரை போன்ற அசையும் பொருளை ஒருவருக்கு முழுமையாகக் கொடுத்துவிட்டு, அதை வேறொருவருக்கு விற்கக்கூடாது என்று நிபந்தனை விதித்தால் அந்த நிபந்தனை செல்லாது என்பது அவர் நிலைப்பாடு. கொடுத்தவருக்கு அப்பொருளில் எந்த நாட்டமும் மிஞ்சாதபோது, அதன் போக்கை அவர் எப்படிக் கட்டுப்படுத்துவார்? 2017 மே மாதத்தில், அச்சுப்பொறி மைக்கூடுகளின் மறுவிற்பனை பற்றிய லெக்ஸ்மார்க் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, கோக்கின் இந்த வாதத்தையே துணைக்கு அழைத்தது. காப்புரிமை பெற்ற பொருளை விற்றபின், காப்புரிமையைக் காட்டி மறுவிற்பனையைத் தடுக்க முடியாது என்றது அத்தீர்ப்பு. ஆனால் ஒப்பந்தத்தின் வழியாகக் கட்டுப்படுத்தும் வாய்ப்பு ஒரு தனிக் கேள்வியாகத் திறந்தே இருந்தது. டைம்ஷேர் வரலாற்றைப் புரிந்துகொள்ள இந்தத் திறந்த கதவே முக்கியமானது.

இந்தியாவில் 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் இந்த மரபை ஏற்றது. சொத்தைப் பெறுபவர் அதைப் பிறருக்கு மாற்றுவதை முற்றாகத் தடுக்கும் நிபந்தனை செல்லாது என்கிறது அதன் 10ஆம் பிரிவு. அங்கே 'முற்றாக' என்ற சொல் கவனிக்கத்தக்கது. பகுதித் தடைகள் எல்லாம் அதனால் அடிபட்டுப் போவதில்லை. மேலும், குத்தகையில் குத்தகைக்குக் கொடுப்பவரின் நலனுக்காக விதிக்கப்படும் நிபந்தனைகளுக்கு அப்பிரிவே விலக்கு அளிக்கிறது.

முதலில் வாங்கும் முன்னுரிமை என்னும் கருத்தும் இந்தியாவுக்குப் புதிதன்று. இஸ்லாமியச் சட்ட மரபில் அது 'ஷுஃபா' எனப்படும். பங்காளியோ அண்டை வீட்டாரோ நிலத்தை விற்கும்போது, வெளியார் கொடுக்க முன்வந்த விலைக்கே தாம் வாங்கிக்கொள்ளும் உரிமை அது. வட இந்தியாவின் பல பகுதிகளில் இது சட்டமாகவும் வழக்கமாகவும் நிலவியது. 1962இல் பாவு ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை ஆராய்ந்தது. கூட்டுச் சொத்தின் பங்காளிகளுக்கு இந்த முன்னுரிமை இருப்பது நியாயமானது. சொத்து சிதறாமல் இருக்க அது உதவும். ஆனால் அண்டை வீட்டார் என்பதற்காக மட்டும் அந்த உரிமையைக் கோருவது, விற்பவரின் சுதந்திரத்தின்மீது விதிக்கப்படும் நியாயமற்ற தடை என்று நீதிமன்றம் தீர்மானித்தது. முன்னுரிமை எந்த நோக்கத்துக்குப் பயன்படுகிறது என்பதே அதன் நியாயத்தை அளக்கும் கோல் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

வாரங்களாக விற்கப்பட்ட அறைகள்

டைம்ஷேர் முறை 1960களின் ஐரோப்பாவில் தோன்றியது. 1963இல் சுவிட்சர்லாந்தில் தொடங்கப்பட்ட ஹாப்பிமாக் நிறுவனம், உறுப்பினர்களைப் பங்குதாரர்களாகச் சேர்த்து, அவர்களுக்கு ஆண்டுதோறும் தங்கும் புள்ளிகளை வழங்கியது. அதே பத்தாண்டில் பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலையில் உள்ள சூப்பர்டெவொலுயி என்னும் பனிச்சறுக்கு ஊரிலும் அறைகள் காலப்பகுதிகளாக விற்கப்பட்டன. ஆண்டு முழுவதும் தேவைப்படாத வீட்டுக்கு ஆண்டு முழுமைக்குமான விலையைக் கொடுப்பானேன் என்பதே அதன் அடிப்படைத் தருக்கம்.

1970களில் இது அமெரிக்காவுக்குச் சென்றது. அங்கே ஃபுளோரிடாவில் அளவுக்கு மீறிக் கட்டப்பட்ட அடுக்குமாடி வீடுகள் விலைபோகாமல் நின்றன. எண்ணெய் நெருக்கடியும் பொருளாதாரத் தேக்கமும் சேர்ந்து அவற்றை வாங்குவோரைக் குறைத்தன. முழு வீட்டை வாங்க ஆளில்லாத இடத்தில், அதையே ஐம்பதுக்கும் மேற்பட்ட வாரங்களாகக் கூறுபோட்டு விற்கலாம் என்று கட்டுநர்கள் கண்டுகொண்டனர். 1974இல் இண்டியானாபொலிஸ் நகரில் ஜான் டிஹான், கிறிஸ்டல் டிஹான் இணையர் தொடங்கிய ஆர்.சி.ஐ. நிறுவனம், ஓர் ஊரில் வாங்கிய வாரத்தை இன்னோர் ஊரின் வாரத்தோடு மாற்றிக்கொள்ள வழி செய்தது. ஒரே கடற்கரைக்கு ஆண்டுதோறும் செல்லவேண்டுமே என்ற தயக்கம் நீங்கியதும் விற்பனை பெருகியது.

அக்காலத்து அமெரிக்க டைம்ஷேர்களில் பெரும்பகுதி பத்திரப்பதிவு செய்யப்பட்ட அசையாச் சொத்து. வீட்டு மனைபோலவே அதை விற்கலாம், உயில் எழுதலாம், பிள்ளைகளுக்கு விடலாம் என்று சொல்லியே விற்றார்கள். சட்டப்படி அது உண்மைதான். ஆனால் அந்தப் பத்திரத்தோடு ஒரு கடமையும் ஒட்டியிருந்தது. விடுதியின் பராமரிப்புக் கட்டணத்தை ஆண்டுதோறும் செலுத்தியாகவேண்டும். தங்கினாலும் தங்காவிட்டாலும் கட்டணம் உண்டு. அது ஏறிக்கொண்டே போகும். காலவரையற்ற சொத்து என்றால் காலவரையற்ற கட்டணம் என்றும் பொருள்.

இன்னொரு சிக்கல் விலையில் இருந்தது. டைம்ஷேரைத் தானாகத் தேடிச் சென்று வாங்குவோர் மிகக் குறைவு. இலவசச் சிற்றுண்டி, பரிசுப்பொருள், மலிவான தங்கல் என்று ஆசைகாட்டி அழைத்து, மணிக்கணக்கில் பேசி, அன்றே கையெழுத்து வாங்குவதே அத்தொழிலின் முறை. அந்த விற்பனைச் செலவு முழுவதும் விலையில் ஏறும். கையெழுத்திட்ட மறுநாளே அந்த உரிமையை விற்க முனைபவருக்கு, அந்தச் செலவுப் பகுதி திரும்பக் கிடைக்காது. ஆகவே இரண்டாம் கை விலை, நிறுவன விலையைவிட வெகுவாகத் தாழ்ந்தது. சில விடுதிகளின் பங்குகள், ஆண்டுக்கட்டணச் சுமையிலிருந்து விடுபட்டால் போதும் என்ற நிலையில், இணைய ஏலங்களில் ஒரு டாலருக்கும் விலைகூறப்பட்டன.

இங்கேதான் நிறுவனத்துக்கும் அதன் பழைய வாடிக்கையாளருக்கும் இடையே போட்டி மூண்டது. நேற்று வாங்கியவர் இன்று அதே பொருளைக் குறைந்த விலைக்கு விற்கிறார். விவரம் அறிந்தவர் நிறுவனத்திடம் ஏன் செல்லப்போகிறார்?

தடையின் மூன்று கருவிகள்

இந்தப் போட்டியைச் சமாளிக்க நிறுவனங்கள் மூன்று கருவிகளைக் கையாண்டன.

முதலாவது, முன்னுரிமைக் கொள்முதல். உறுப்பினர் வெளியார் ஒருவரோடு விலைபேசி முடித்தபின், அந்த ஒப்பந்தத்தை நிறுவனத்துக்கு அனுப்பவேண்டும். அதே விலைக்குத் தானே வாங்கிக்கொள்ளவோ, விட்டுவிடவோ நிறுவனத்துக்கு உரிமை உண்டு. மலிவாக விற்கப்படும் பங்கை எடுத்து, முழு விலைக்கு மீண்டும் விற்கலாம். இதனால் விற்பவருக்கு நட்டமில்லை. பேசிய விலை அவருக்குக் கிடைத்துவிடும். மறுவிற்பனை விலை அடிமட்டத்துக்குச் சரிவதையும் இது ஓரளவு தடுக்கும். மலிவாக வாங்கக் காத்திருந்தவருக்குத்தான் ஏமாற்றம். பாவு ராம் வழக்கு பங்காளிக்கு அளித்த நியாயம், விற்பனையாளராகவும் இருக்கும் நிறுவனத்துக்குப் பொருந்துமா என்பது வேறு கேள்வி.

இரண்டாவது, புள்ளிமுறை. டிஸ்னி நிறுவனம் 1991இல் தன் விடுமுறைச் சங்கத்தைத் தொடங்கியபோது, குறிப்பிட்ட வாரத்துக்கு மாற்றாகப் புள்ளிகளை விற்றது. ஒரு விடுதியில் பதிவுசெய்யப்பட்ட பங்கு. அதற்குரிய புள்ளிகளை அந்த விடுதியிலோ சங்கத்தின் பிற விடுதிகளிலோ விரும்பிய நாளில் செலவிடலாம். உறுப்பினருக்கு இது பெரும் வசதி. ஆனால் இந்த வசதிக்குள் ஒரு பிளவும் ஒளிந்திருந்தது. தன் விடுதியில் தங்குவது பத்திரம் தரும் உரிமை. பிற விடுதிகளில் தங்குவது சங்கம் தரும் சேவை. விற்கும்போது பத்திரம் கைமாறும். சேவையும் கூடவே கைமாற வேண்டும் என்று பத்திரத்தில் எழுதப்படவில்லை.

மூன்றாவது, தகுதிப் படிநிலை. நிறுவனத்திடம் நேரடியாக வாங்கிய புள்ளிகளை மட்டுமே கணக்கில் எடுத்து உயர்நிலை உறுப்பினர் தகுதியை வழங்குவது. விண்டம், ஹில்டன் போன்ற சங்கங்களில் மறுவிற்பனைப் புள்ளிகள் இத்தகைய சிறப்புத் தகுதிக்குச் சேர்வதில்லை. மாரியட் நிறுவனம் 2010இல் வாரமுறையிலிருந்து புள்ளிமுறைக்கு மாறியபோது, அதன்பின் வெளிச்சந்தையில் வாங்கப்படும் வாரங்களைப் புதிய புள்ளித் திட்டத்தில் சேர்க்க முடியாது என்றது.

டிஸ்னியின் விதிகளைக் காலவரிசையில் வைத்துப் பார்த்தால் தடை படிப்படியாக இறுகிய விதம் தெளிவாகும். 2011 மார்ச் 21 முதல் மறுவிற்பனையில் வாங்கியவர்கள், தம் புள்ளிகளைக் கப்பல் பயணம் முதலிய வெளித்திட்டங்களுக்கு மாற்றும் வாய்ப்பை இழந்தனர். 2016 ஏப்ரல் 4 முதல், உறுப்பினர்களுக்கான தள்ளுபடிகளும் சிறப்புச் சலுகைகளும் அவர்களுக்கு இல்லை என்றாயிற்று. 2019 ஜனவரியில் தடை, விடுதிகளின் வாசலுக்கே வந்துவிட்டது. முதலில் ஓரத்துச் சலுகை, அடுத்து அன்றாடச் சலுகை, கடைசியில் தங்கும் உரிமையின் பரப்பே சுருங்கியது. ஒவ்வொரு முறையும் முன்பே வாங்கியிருந்தவர்களின் நிலை காப்பாற்றப்பட்டது. அதனாலேயே எதிர்ப்பும் தணிந்தது. இன்று உள்ளே இருப்பவருக்கு இழப்பில்லை என்று தோன்றும்படி, இழப்பு நாளை வருபவரின் தலையில் வைக்கப்பட்டது.

சுமை யார் தலையில்?

அந்தத் தோற்றம் முழு உண்மை ஆகாது. மறுவிற்பனையில் வாங்குபவர், தமக்குக் கிடைக்கப்போவது குறைவு என்று அறிந்தே விலைபேசுவார். குறைந்த உரிமைக்குக் குறைந்த விலையைத்தான் கொடுப்பார். அந்த விலைக்குறைவைத் தாங்குபவர் விற்பவர், அதாவது நிறுவனத்திடம் முழு விலை கொடுத்து வாங்கிய முதல் உறுப்பினர். இரண்டாமவரைத் தண்டிப்பதுபோல் எழுதப்பட்ட விதி, முதலாமவரின் கையிருப்பிலிருந்தே கழித்துக்கொள்கிறது. வாங்கும் நாளில் அது அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. முதுமையோ நோயோ வேலையிழப்போ வந்து விற்க முனையும் நாளில்தான் தெரியவரும்.

நிறுவனங்களின் தரப்பிலும் வாதம் உண்டு. சங்கத்தின் முன்பதிவு அமைப்பையும் பிற சேவைகளையும் தாங்கள் நடத்துவதாகவும், அதன் செலவைப் புதிய விற்பனையே தாங்குவதாகவும் அவை கூறலாம். மலிவாகப் புள்ளிகளை வாங்கிக் குவித்து, அறைகளை வாடகைக்கு விட்டு இலாபம் பார்க்கும் இடைத்தரகர்களால், குடும்பத்தோடு தங்க விரும்பும் உறுப்பினருக்கு அறை கிடைக்காமல் போகும் என்பதும் பொய்யன்று. இரண்டு வாதங்களையும் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் இடைத்தரகரைத் தடுக்க வாடகைக்கு விடுவதைக் கட்டுப்படுத்தினால் போதுமே. தன் குடும்பத்துக்காக ஒரே ஒரு பங்கை வாங்கும் ஆசிரியரையும் அதே வலையில் பிடிப்பதேன் என்ற கேள்விக்கு அந்த வாதங்களில் விடையில்லை.

விற்கும் வழி குறுகியபோது வேறொரு தீமையும் வளர்ந்தது. ஆண்டுக்கட்டணத்திலிருந்து விடுபடத் தவிப்பவர்களைக் குறிவைத்து மோசடிக்காரர்கள் புறப்பட்டனர். உங்கள் பங்கை வாங்க ஆள் காத்திருக்கிறார், பதிவுக்கும் வரிக்கும் முன்பணம் அனுப்புங்கள் என்பதே அவர்கள் கையாளும் வழி. பணம் போகும், வாங்குபவர் வரமாட்டார். 2009 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் பிறப்பித்த வழிகாட்டாணை, மறுவிற்பனைக்கு உதவுவதாகக் கூறுவோர், விற்பனை உண்மையில் முடியும்வரை எந்தப் பணமும் பெறக்கூடாது என்று தடைவிதித்தது. வாங்குபவர் மனம் மாறி ஒப்பந்தத்தைக் கைவிட 14 நாள்கள் அவகாசமும் அளித்தது. அமெரிக்காவில் நிலைமை இன்னும் கொடியது. மெக்சிகோவின் போதைப்பொருள் கடத்தல் கும்பல்களே இந்த மறுவிற்பனை மோசடியில் இறங்கியிருப்பதாக அமெரிக்க நிதித்துறை 2024இல் எச்சரித்தது. 2019 முதல் 2023 வரை ஏறத்தாழ 6,000 அமெரிக்கர்கள், மொத்தம் 30 கோடி டாலரை நெருங்கும் தொகையை இவ்வகையில் இழந்ததாகப் புகார் அளித்தனர். மோசடிக்குக் காரணம் மோசடிக்காரரே. ஆயினும் நேர்மையான சந்தை ஒடுங்கிக் கிடக்கும் இடத்தில்தான் பொய்யான சந்தைக்குக் கூட்டம் சேர்கிறது.

ஸ்பெயின் வேறொரு வழியைத் தேர்ந்தது. அந்நாட்டின் 1998ஆம் ஆண்டுச் சட்டம் டைம்ஷேர் உரிமைக்கு 3 ஆண்டு முதல் 50 ஆண்டு வரை என்று காலவரை விதித்தது. 2015 ஜனவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், அந்த வரம்பை மீறி முடிவின்றி நீளும் ஒப்பந்தம் ஒன்றைச் செல்லாது என்று அறிவித்தது. விற்கும் வழியைத் திறக்க முடியாவிட்டால், கட்டிவைக்கும் காலத்தையாவது சுருக்குவது என்ற அணுகுமுறை அது.

இந்தியாவில்

இந்தியாவில் இத்தொழிலின் வரலாறு சென்னையோடு நெருங்கிய தொடர்புடையது. 1986இல் சென்னையில் தொடங்கப்பட்ட ஸ்டெர்லிங் நிறுவனம், கொடைக்கானல் போன்ற மலைவாழிடங்களில் 99 ஆண்டு டைம்ஷேரை விற்றது. 1996இல் தொடங்கிய மகிந்திரா ஹாலிடேஸ், 25 ஆண்டு உறுப்பினர் முறையைப் பரப்பியது. பருவங்களை நிறங்களாகப் பிரித்து, உச்சப் பருவத்துக்கு உயர்ந்த விலை என்ற ஏற்பாடு நடுத்தரக் குடும்பங்களிடையே பழகிப்போயிற்று.

அமெரிக்காவின் தொடக்ககால முறைக்கும் இதற்கும் அடிப்படையில் ஒரு வேறுபாடு உண்டு. 25 ஆண்டு உறுப்பினர் முறையில் உறுப்பினர் கையில் இருப்பது அசையாச் சொத்தின் பத்திரம் அன்று; ஒப்பந்தம் தரும் உரிமை. ஆகவே சொத்து மாற்றுச் சட்டத்தின் 10ஆம் பிரிவைக் காட்டி மறுவிற்பனைத் தடையை எதிர்ப்பது எளிதன்று. 1962இல் கர்தா கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திய கோட்பாடு இங்கே பொருந்தும். ஒப்பந்தத்தின் பயனை ஒருவர் பொதுவாகப் பிறருக்கு மாற்றலாம்; அதன் கடமையை மறுதரப்பின் இசைவின்றி மாற்ற முடியாது. உறுப்பினர் உரிமையில் தங்கும் பயனும் ஆண்டுக்கட்டணம் என்னும் கடமையும் பின்னிக் கிடக்கின்றன. ஆதலால் அதை முழுமையாகக் கைமாற்ற நிறுவனத்தின் இசைவு தேவைப்படுகிறது. இசைவு தேவைப்படும் இடத்தில் நிபந்தனை வரும். நிபந்தனையோடு கட்டணமும் வரலாம். 1290இல் மன்னரின் நேரடிக் குடிகள் நின்ற இடம் இதுதான்.

உறுப்பினர் தகுதியோடு ஒட்டிய சொத்தை நீதிமன்றம் எவ்வாறு நோக்கும் என்பதற்கு 2005ஆம் ஆண்டின் ஓர் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு சான்றாகும். அகமதாபாத்தில் உள்ள சொராஸ்டிரிய கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்தின் துணைவிதி, மனைகளைப் பார்சி சமூகத்தாருக்கே மாற்றவேண்டும் என்று வரையறுத்திருந்தது. அந்த விதியை ஏற்றே உறுப்பினரானவர், பின்னர் 10ஆம் பிரிவைக் காட்டி அதிலிருந்து விலக முடியாது என்று நீதிமன்றம் கூறியது. வீடும் மனையும் கைக்குத் தென்படும் இடத்திலேயே சங்கவிதி வென்றதென்றால், வெறும் தங்கும் உரிமையில் அதன் வலிமை எவ்வளவாக இருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

வெளியேறும் வழியை நிறுவனமே திறந்துவைப்பதாகச் சொன்ன கதையும் இந்தியாவில் உண்டு; அது வேறுவிதமாக முடிந்தது. பான் கார்டு கிளப்ஸ் என்னும் நிறுவனம் விடுதி அறைகளின் இரவுகளை விற்றது. தங்காவிட்டால், தவணை முடிவில் ஒப்படைப்புத் தொகை கிடைக்கும் என்றது. தங்குவதற்காக வாங்கியவர்களைவிட, அந்தத் தொகைக்காகப் பணம் போட்டவர்களே திரண்டனர். இது விடுமுறைத் திட்டமாகாது, பதிவு பெறாத கூட்டு முதலீட்டுத் திட்டமே என்று செபி முடிவுசெய்து, 2016 பிப்ரவரியில் பணத்தைத் திருப்பித் தர ஆணையிட்டது. 50 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குச் சுமார் 7,000 கோடி ரூபாய் திரும்ப வேண்டியிருந்தது. தங்கும் உரிமைக்கு உண்மையான மறுவிற்பனைச் சந்தை ஒன்று இருந்திருந்தால், அதன் விலை என்னவென்று வெளியார் அறிந்திருப்பர். விலை தெரியாத இடத்தில் வாக்குறுதிதான் விலையாக நின்றது.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஒரு புதிய வாசலைத் திறந்திருக்கிறது. நுகர்வோரின் உரிமையைப் பெரிதும் மாற்றும் ஒருதலையான ஒப்பந்தங்களை 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்று அது வரையறுக்கிறது; அவற்றைச் செல்லாதென அறிவிக்கும் அதிகாரத்தை மாநில, தேசிய ஆணையங்களுக்கு அளிக்கிறது. எல்லா மறுவிற்பனைத் தடையும் நியாயமற்றதாகிவிடாது. எனினும் விற்கும்போது எது கைமாறும், எது கைமாறாது என்பதை முதல் நாளிலேயே எளிய மொழியில் சொல்லாத ஒப்பந்தத்தை எதிர்த்து வாதிட, இச்சட்டத்தில் இடமிருக்கிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் இதன் தேவை விளங்கும். 1986இல் 40 வயதில் 99 ஆண்டு உரிமையை வாங்கிய ஒருவரின் ஒப்பந்தம் 2085இல் முடியும். அப்போது அவருக்கு வயது 139 ஆகியிருக்கும். ஆகவே அந்த உரிமையின் கடைசி ஆண்டுகளை வேறொருவர்தான் அனுபவிக்கவேண்டும் என்பது கையெழுத்திட்ட நாளிலேயே உறுதி. அந்த வேறொருவர் மகளாக இருக்கலாம். விலைகொடுத்து வாங்கும் அயலாராகவும் இருக்கலாம். அவர் விற்றவர் நின்ற இடத்தில் நிற்பாரா, அல்லது இரண்டு படி கீழே நிற்பாரா என்பதை ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் எழுதும் கடமை, அவ்வளவு நீண்ட காலத்தை விலைபேசி விற்பவருக்கு உண்டு. அதைக் கேட்டுப் படித்தபின் கையெழுத்திடும் உரிமை, வாங்குபவருக்கும் உண்டு.